போம் என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

1

அந்த யோசனை வந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

பின்லாந்தில் நான் வேலை செய்வது ஒரு காகித ஆய்வுக்கூடத்தில். வந்து இரண்டாவது குளிர்காலம். அன்று காலை ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, சவர்க்காரத்துக்கு உறவுமுறையான ஒரு திரவத்தை அதில் கொஞ்சம் ஊற்றி, சுழலியை ஓடவிட்டோம். முட்டை வெள்ளைக்கரு அடித்தது போல நுரை பொங்கி வந்தது. அதற்குள் மர நாரைக் கொட்டிக் கலந்தோம். பிறகு அடியில் கம்பி வலை போட்ட ஒரு சதுர அச்சுக்குள் அந்த நுரையை ஊற்றி, கீழிருந்து காற்றை உறிஞ்சினோம். நுரை உடைந்து இறங்கியது. வலையின் மேல் நார் மட்டும் ஒரே சீராகத் தங்கியது. காயவைத்தால் அதுதான் அட்டை. விரல் தடிப்பு இருக்கும். கையில் எடுத்தால் பாரமே தெரியாது.

எனக்கு மேலே இருக்கும் ஆய்வாளர் பெயர் யாக்கோ. ‘கீழே வடிந்த தண்ணீரை அளந்து சொல்’ என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு தேநீர்க் கேத்தலை நிரப்பக் காணும், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் அதே அளவு அட்டையைப் பழைய முறையில், வெறும் தண்ணீரில் செய்திருந்தார்கள். அங்கே வடிந்தது வாளி வாளியாக நின்றது.

‘என்ன, சந்தோஷமா?’ என்று யாக்கோ கேட்டார்.

‘இல்லை, கோபம்’ என்றேன்.

ஆங்கிலத்தில் நான் சொல் மாறிப் பேசிவிட்டேன் என்று நினைத்து, ஆச்சரியம் என்ற சொல்லை எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தார். நான் சொல் மாறவில்லை.

2

ஏன் கோபம் என்று சொல்லவேண்டும். அதற்கு மன்னார்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் அடம்பனுக்குப் போகவேண்டும்.

சண்டை முடிந்தபின் நாங்கள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிப் போனவர்கள். முகாமில் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். அடம்பனில் இறங்கியதும் இந்தியாக்காரர் என்றார்கள். நான் தமிழ்நாட்டில் பொறியியல் படித்து முடித்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் படிப்பு இலங்கையில் செல்லுமா செல்லாதா என்று கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது தனிக் கதை. செல்லும் என்று கடைசியில் சொன்ன நாடு பின்லாந்து.

அக்காவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. என் அக்கா றெஜினா. புருஷன் கடலில் போய்ச் சேர்ந்தபின் ஒரு மகளை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் வயலில் நாற்று நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போகிறவள். திரும்பி வந்த பெண்களுக்குத் தொழில் கொடுக்கிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தபோது முதலாவதாகக் கை உயர்த்தியது அவள்தான். சங்கம் ஒன்று பதிந்தார்கள். அக்கா தலைவி. தகரக் கூரையும் சீமெந்து நிலமுமாக ஒரு கொட்டில் எழும்பியது. கையால் கடுதாசி செய்கிற தொழிலாம். வைக்கோலைச் சுண்ணாம்பு போட்டு அவித்து, இடித்து, தொட்டித் தண்ணீரில் கலக்கி, சல்லடையால் அள்ளவேண்டும். வாழ்த்து மட்டை செய்யலாம், கொழும்பில் வாங்குவார்கள் என்றார்கள்.

வைக்கோலுக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் வயலோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். ஆனால் தண்ணீர்?

காகிதத் தொழில் என்பதே தண்ணீர்த் தொழில். நாரைக் கொஞ்சத் தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று சுற்றிக் கட்டிகட்டியாய் நிற்கும். கட்டி பிடிக்காமல் இருக்க மேலும் மேலும் தண்ணீர் விடவேண்டும். இதை யாரும் எங்கள் ஊரில் சொல்லவில்லை. பெண்கள் வாய்க்காலில் வாளி போட்டார்கள். அது கட்டுக்கரைக் குளத்திலிருந்து வயலுக்கு விடுகிற தண்ணீர். கமக்காரர் வந்து கத்தினார்கள். ‘நெல்லு சாகுது, நீங்கள் கிறிஸ்மஸ் காட் செய்யிறியளோ?’ என்று கேட்டார்களாம். அவர்கள் கேட்டதிலும் பிழை இல்லை. பிறகு கொட்டில் கிணற்றில் அள்ளினார்கள். அது சவர்த் தண்ணீர். கடுதாசி காய்ந்தபின்னும் அதற்குள் உப்பு இருந்தது. மழைக்காற்று அடித்ததும் உப்பு ஈரத்தை இழுத்து, அடுக்கி வைத்ததெல்லாம் அப்பளமாட்டம் தொய்ந்துபோனது.

தொண்டு நிறுவனம் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. படத்தில் அக்கா ஒரு கடுதாசித் தாளை வெயிலுக்கு எதிரே பிடித்துச் சிரிக்கிறாள். கொட்டில் பூட்டப்பட்டது.

இப்போது சொல்லுங்கள். வானத்தையும் கட்டுக்கரையையும் பார்த்துக்கொண்டு வாழ்கிற ஊருக்கு, தண்ணீர் குடிக்கிற தொழிலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார்? ஏரிமேல் ஏரியாகக் கிடக்கிற ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, எப்படித் தண்ணீர் இல்லாமல் செய்யலாம் என்று மண்டையை உடைப்பவர்கள் யார்? இந்த இரண்டு கூட்டமும் ஒரு நாளும் ஒரு மேசையில் இருக்காதா? அந்தக் கேத்தல் தண்ணீரைப் பார்த்தபோது எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

3

நுரையில் என்ன விசேஷம் என்று வாசிக்கிறவர்களுக்கு ஒரு தரம் விளக்கிவிடுகிறேன், பிறகு திட்டுவதைத் தொடர்கிறேன்.

சந்தை நாளில் அடம்பன் பஸ்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு இடையில் மரக்கறிச் சாக்குகள். சாக்கு இறுக்கி நிற்பதால் ஒருவரும் ஒருவர்மேல் விழமுடியாது. நின்ற இடத்திலேயே நிற்பார்கள். நுரைக்குமிழ்தான் அந்தச் சாக்கு. நார்தான் ஆட்கள். தண்ணீர் செய்யவேண்டிய வேலையைக் காற்று செய்கிறது. காற்றுக்கு எந்தக் கமக்காரனும் சண்டைக்கு வரமாட்டான். தண்ணீரில் சுற்றிப் பிடிக்கும் நீள நாரும் நுரைக்குள் ஒழுங்காய் நிற்கும். எங்கள் பனைமர நார், பனந்தும்பைக் கூடப் போட்டுப் பார்க்கலாம்!

குறை இல்லையா? இருக்கிறது. இந்த அட்டை லேசு, ஆனால் பலம் குறைவு; மா கரைத்துச் சேர்த்தால் கொஞ்சம் பிடிக்கும். ஈரம் ஆகாது. மீன்பிடி ஊரான பேசாலையில் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டிக்குப் பதிலாக இதை வைத்தால் பாதி வழியிலேயே கஞ்சியாகிவிடும். ஆனால் காய்ந்த சாமானுக்குப் பஞ்சணை மாதிரி. கருவாடு பஸ்சில் கொழும்புக்குப் போகும்போது நொறுங்கித் தூளாகிறது என்று பேசாலையில் எல்லாரும் சொல்லுவார்கள். அதற்கு அடியிலும் இடையிலும் வைக்கலாம்.

அக்காவுக்கு உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

‘எடி, அப்ப வாய்க்காலில வாளி போடத் தேவையில்லையோ?’

‘இல்லை அக்கா.’

பிறகு, ‘கொட்டிலைக் கந்தோர்க்காரர் உரக்கடைக்காரனுக்குக் குடுக்கப் போறாங்களாம். காலபோக விதைப்புத் துவங்க முதல் நாங்கள் ஏதும் தொழில் செய்யிறம் எண்டு காட்டாட்டில், உர மூட்டை அடுக்க அவனுக்கு எழுதிக் குடுக்கிறதாம். நேற்றுத்தான் சொன்னவை’ என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வயல் வரம்பில் குனிந்து குனிந்தே கிழவியாகப் போகிறோம் என்று ஏற்கெனவே முடிவெடுத்த குரல் அது.

4

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். நுரைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல். நிரப்பிக் கொடுக்கிற படிவத்துக்கு வேறு சொல். எங்கள் வாயில் இரண்டும் போம். மெத்தைக்கும் போம், கந்தோருக்கும் போம்.

இந்த வாய் எனக்கு இங்கேயே சங்கடம் தந்தது. என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவேண்டியிருந்த நாளில் யாக்கோவிடம், ‘நான் போம் நிரப்பவேண்டும், இன்று வர முடியாது’ என்று சொன்னேன். ‘வரவேண்டாம், நானே நிரப்புகிறேன்’ என்று அவர் போய் அச்சை நிரப்பி வைத்துவிட்டார். நல்ல மனுஷன். அனுமதிக் கந்தோர்தான் அப்படி நல்லதில்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் தமிழ்நாடு, நாடு என்ற கட்டத்தில் இலங்கை. இது எப்படி என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிறார்கள். என் பிறப்பு அவர்களுடைய கணினிக்கு விளங்காத பிறப்பு.

நான் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பது வன்னியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில். அவர்களுடைய சின்ன மகள் அபிக்கு இந்தப் போம் பகிடியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பின்லாந்து மொழியில் நுரைக்கு வாஹ்தோ, படிவத்துக்கு லோமக்கே, குழப்பமே இல்லையே என்று விளக்கினாள். பிறகு சொன்னாள்:

‘அன்ரி, உங்கட பாஷைதான் பிழை.’

உங்கட! அடுப்படியில் நின்ற தாய் திரும்பிப் பார்த்துவிட்டுத் தேங்காய் துருவினாள். அந்தச் சத்தம் கொஞ்சம் கூடிக் கேட்டது.

5

நான் சொல்லச் சொல்ல அக்கா கந்தோருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள். தண்ணீர் குறைந்த போம் முறையில் அட்டை செய்வதற்குக் கொட்டிலைத் திறந்து தரும்படி. சங்கப் பெண்கள் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். எழுதினால் அக்காதான் நாளைக்கும் அங்கே வரிசையில் நிற்கவேண்டியவள்.

கந்தோர் முன்மேசையில் இருந்த பிள்ளை வாசித்துவிட்டு, ‘அட்டைப் பண்ணைக்கு இஞ்ச இல்லை அக்கா, கடற்றொழில் கந்தோருக்குப் போங்கோ’ என்றதாம். எங்கள் கரையில் அட்டை என்றால் கடலட்டை. கடலில் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற அட்டை.

‘கடலட்டை இல்லைத் தங்கச்சி, காட்போட் அட்டை’ என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

‘ஓ, காட்போட்டோ. அப்ப உள்ளுக்குக் குடுங்கோ.’

உள்ளே கொடுத்தது எங்கெங்கோ போய் வந்தது. மறுமொழி வந்தபோது அக்கா தொலைபேசியில் வாசித்தாள். சிங்களத்தில் எழுதி, கீழே தமிழில். அரசாங்கப் படிவங்களைத் தனியார் சங்கங்கள் தயாரிப்பதற்கு அனுமதி இல்லை என்று இருந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரித்தேன். பிறகு சமையலறைக் கதிரையைக் காலால் உதைத்தேன். நுரை என்று நாங்கள் எழுதியது படிவம் என்று சிங்களத்துக்குப் போய், படிவமாகவே தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. வைக்கோலில் அட்டை செய்யக் கேட்ட பெண்களைக் கள்ளப் போம் அச்சடிக்கக் கேட்டவர்களாக்கி விட்டார்கள். பிறந்த நாள் தொடங்கி போம் நிரப்பி நிரப்பித் தேய்ந்துபோன சனத்துக்கு, இனி நாங்களே போம் செய்யப் போகிறோமாம்!

‘நேர போய்ச் சொல்லுங்கோ அக்கா’ என்றேன். ‘நுரை எண்டு சொல்லுங்கோ.’

போனாள். அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போனாள். உள்ளே இருந்த அதிகாரி ஐயா எழுந்து நிற்கவும் இல்லையாம், இருக்கச் சொல்லவும் இல்லையாம்.

‘நுரையோ? நுரையில என்னெண்டு அட்டை செய்யிறது? பகிடி விடுறீரோ?’

‘இல்லை ஐயா, என்ர தங்கச்சி வெளிநாட்டில செய்யிறாள்.’

‘அப்ப அங்கயே செய்யச் சொல்லும். தீர்மானம் எடுத்தாச்சு. நீர் இப்ப போம்.’

அன்று பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: ‘எடி, உன்ர போமுக்கு இன்னொரு கருத்தும் இருக்கு. இண்டைக்குத்தான் எனக்குச் சொல்லித்தந்தவர்.’

போம். போய்விடு. கையைக் காட்டி வாசலைக் காட்டுகிற போம். அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முகாமிலும் கேட்டது அந்தப் போம்தான். அதற்கு முன் எங்கள் வீட்டாரைப் படகிலிருந்து இறக்கி வரிசையில் விட்டபோதும் அதுதான். சொந்த ஊருக்கு வந்து, தன் பெயரில் பதிந்த சங்கத்தின் கொட்டிலைக் கேட்டபோதும் அதேதானா?

6

இங்கே உள்ளவர்களிலும் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நியாயமில்லை.

அக்காவின் கதையை யாக்கோவிடம் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. அடுத்த கிழமை பெரிய ஆலைக்காரர்களுக்கு முன்னால் எங்கள் நுரை முறையை விளக்கும் கூட்டம். முதல் பக்கத்தில் போட, ஊர்ப் பெண்களின் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அக்கா தாளைப் பிடித்துச் சிரிக்கிற அந்தப் படம் என் கைப்பேசியில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். ‘இதுதான்! அருமை!’ என்றார்.

‘இந்தப் படத்தை ஏற்கெனவே ஒருதரம் ஆட்கள் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். தரமாட்டேன்’ என்றேன்.

‘நாங்கள் உதவத்தானே கேட்கிறோம்.’

‘அப்படியென்றால் படம் வேண்டாம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சவர்த் தண்ணீரில் இந்த நுரை நிற்குமா?’

அவர் கண்ணைச் சுருக்கினார். அவர்கள் எல்லாரும் குழாய்த் தண்ணீரில்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்டது தெரியுமா? முதல்நாள் இங்கே குளித்தபோது சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகவே இல்லை. தேய்க்கத் தேய்க்க நுரை. அடம்பன் கிணற்றடியில் பாதிக் கட்டி கரைந்தாலும் நுரை எட்டிப் பார்க்காது. வெள்ளைத் தயிர் மாதிரி ஒன்று திரளும். நுரைக்கிற ஊரிலிருந்து நுரைக்காத ஊருக்கு இந்த முறையைக் கொண்டுபோவது எப்படி? இதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனால், தொட்டியும் சல்லடையும் கொண்டுவந்த தொண்டு நிறுவனத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

யாக்கோ படத்தை மறந்துவிட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. ‘எவ்வளவு உப்பு?’ என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்டேன்.

‘எவ்வளவு சவர் எண்டால்... பால்தேத்தண்ணி போட்டால் திரையும். அவ்வளவு சவர்.’

இதற்கு மேல் திருத்தமான அளவு எனக்கு எங்கே கிடைக்கும்? மன்னாரில் ஒரு கிணற்றை இப்படித்தான் சொல்வோம்: பால் திரையாத கிணறு, பால் திரைகிற கிணறு. வீட்டு அடுப்படியில் நின்று, தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூட்டிக் கூட்டிப் பால்தேத்தண்ணி போட்டேன். திரைகிற இடத்தில் நிறுத்தினேன். அபி மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘அன்ரி, இதை ஆர் குடிக்கிறது?’ என்றாள். ‘உன்ர பெரியம்மாமார் எல்லாரும்’ என்றேன்.

அந்தத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சுழலியில் ஊற்றினேன். சவர்க்காரம் போட்டால் ஒன்றுமே இல்லை, தயிர்தான். ஆய்வுக்கூடத்துத் திரவம் கொஞ்சம் நுரைத்துச் செத்தது. மூன்றாவதாக, கடையில் விற்கிற சாதாரணக் கோப்பை கழுவும் திரவம். அது எழும்பியது! பெருத்த குமிழ், சீரில்லை, பார்க்க அழகில்லை. ஆனால் நாரைப் பிடித்து வைத்திருக்கிற அளவுக்கு நின்றது. அச்சில் ஊற்றி, உறிஞ்சாமல் தானாக வடியவிட்டேன். அடம்பனில் உறிஞ்சுகிற இயந்திரம் ஏது? நேரம் எடுத்தது, ஆனால் வடிந்தது. தண்ணீர் கொஞ்சம் என்றால் அட்டையில் தங்குகிற உப்பும் கொஞ்சம்தான். காய்ந்தபின் ஒரு மூலை உதிர்ந்தது. மற்ற மூன்று மூலையும் என் கையில் இருக்கிறது.

7

ஓகஸ்டில் வருகிற மடு மாதா திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டேன். ஊரில் கிணறுகள் ஆகச் சவராக இருக்கிற மாதம். அதுதான் எனக்கு வேண்டும். பெட்டிக்குள் மின்கலத்தில் ஓடுகிற ஒரு துளைபோடும் கருவியும், அதன் நுனியில் பொருத்த முட்டை அடிக்கிற கம்பியும் இருக்கின்றன. வைக்கோலை அவித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பனந்தும்பு அக்கா தேடுகிறாள்.

கொட்டிலுக்குள் செய்யமுடியாது. பழைய பூட்டுக்கு மேலே கந்தோர் இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறது. ஆகையால் எங்கே செய்வதென்று நேற்று அக்காவிடம் சொன்னேன்.

‘கந்தோர் விறாந்தையில.’

‘விசரோடி உனக்கு?’

‘சங்கப் பெண்கள் எல்லாரையும் வரச் சொல்லுங்கோ. கொட்டில் கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு போவம். ஒரு வாளிதான். அந்த ஐயாவின்ர மேசைக்கு முன்னால வச்சு நுரை அடிச்சு, ஊத்தி, அட்டையை அந்த முத்தத்து வெயிலில காய வைப்பம். நுரை எண்டால் என்ன, படிவம் எண்டால் என்ன எண்டு அவர் கண்ணால பாக்கட்டும்.’

‘நுரை வராட்டில்?’

‘வராட்டில் அடுத்த நாள் வேற திரவத்தோட வருவம்.’

தொலைபேசிக்குள் அவளுடைய மகள் பாடம் சொல்வது கேட்டது.

‘போம் எண்டு சொன்னால்?’

‘ஓம் ஐயா, போம்தான், கிட்ட வந்து பாருங்கோ எண்டு சொல்லுங்கோ.’

இந்த முறை இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் தலைவியின் குரலில் சொன்னாள்: ‘சரி. பெரிய வாளியாய்க் கொண்டுபோவம். நுரை பொங்கினால் அவற்ர மேசையில வழியட்டும்.’